பட்டறைப் பக்கம்: ஐயா காலத்து கார்புரேட்டரைத் தூக்கிப் போடுவதா?

கேள்வி: எங்கள் ஐயா வாங்கிய 1948 மாடல் வில்லிஸ் பிக்கப் பல வருடமாகக் கொட்டகையில் கிடந்தது. இந்தப் பொங்கலுக்குத்தான் எழுப்பினோம். சோக் (காற்றைக் குறைத்துப் பெட்ரோலைக் கூட்டும் குமிழ்) இழுத்தால் ஸ்டார்ட் ஆகிறது, உள்ளே தள்ளியதும் நின்றுவிடுகிறது. ஆக்ஸிலேட்டரை மிதித்தால் ஒரு நொடி மூச்சுத் திணறி அப்புறம்தான் எடுக்கிறது. பெட்ரோலையும் காற்றையும் கலந்து இஞ்சினுக்குக் கொடுக்கும் கார்புரேட்டர், கார்ட்டர் கம்பெனியின் டபிள்யூ.ஓ. மாடல், வண்டியோடு வந்தது. மெக்கானிக் அதைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புதுக் காப்பி ஒன்று வாங்கி மாட்டச் சொல்கிறார். எனக்கு மனசு வரவில்லை.
- வாசகர், கானாடுகாத்தான்

பதில்: மனசு வராதது நல்லதுதான், அப்படியே இருங்கள். காப்பியை வாங்கி மாட்டி, ஆறு மாசம் அதோடு மல்லுக்கட்டிவிட்டு, பரணில் போட்ட பழசைத் தேடி எடுத்து வருகிறவர்களை நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். உங்களுடையதில் வார்ப்பு விரிசல் விடாமல் இருந்தால் போதும், மற்றதை எல்லாம் சரி பண்ணிவிடலாம்.

ஆனால் கார்புரேட்டரில் கை வைக்கும் முன் ஃப்யூவல் பம்ப்பில் இருக்கும் கண்ணாடிக் கிண்ணத்தைப் பாருங்கள். அடியில் செம்மண் மாதிரி துரு படிந்திருந்தால் முதலில் டேங்கைக் கழுவி, லைனில் ஒரு ஃபில்டர் போடுங்கள். இல்லாவிட்டால் இன்று சுத்தம் செய்த ஜெட் (பெட்ரோலை அளந்து விடும் பொடித் துளை வைத்த பித்தளைச் சாமான்) நாளைக்கே அடைத்துக்கொள்ளும். தீப்பொறிக்கான டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் பாயின்ட் இடைவெளியையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள், அரை மில்லிமீட்டர் இருக்க வேண்டும். கார்புரேட்டர் தலையில் விழும் பழியில் பாதி அங்கேதான் இருக்கும்.

சோக் இருந்தால் மட்டும் ஓடுகிறது என்றால் பெட்ரோல் போதவில்லை, காற்று அதிகம் என்று அர்த்தம். ஒன்று ஐடில் ஜெட் (வண்டி நின்றபடி ஓடும்போது பெட்ரோல் கொடுக்கும் ஜெட்) அடைத்திருக்கும், இல்லை எங்கேயோ காற்று திருட்டுத்தனமாக உள்ளே போகும். த்ராட்டில் ஷாஃப்டை (ஆக்ஸிலேட்டரை மிதித்தால் திரும்பி, உள்ளே காற்றுத் தட்டைத் திறக்கும் தண்டு) இரண்டு விரலால் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் தெரிந்தால், இஞ்சின் ஓடும்போது ஷாஃப்ட் முனையில் எண்ணெய்க் கேனால் இரண்டு சொட்டு விடுங்கள். சத்தம் மாறினால் திருடன் அங்கேதான். ரிப்பேர் கிட் வாங்கி எத்தனை பேக்கிங் மாற்றினாலும் இது சரியாகாது. முதலில் புது ஷாஃப்ட் போட்டுப் பாருங்கள், அதற்கும் ஆட்டம் இருந்தால் காரைக்குடியில் நல்ல லேத் பட்டறையாகப் பார்த்துப் ஷாஃப்ட் உட்காரும் துளைக்குப் பித்தளை புஷ் (வளையம்) போடச் சொல்லுங்கள். துளை ஒரு மயிரிழை கோணினாலும் உள்ளே இருக்கும் தட்டு சிக்கிக்கொள்ளும், அதனால் அவசரக்காரரிடம் கொடுக்காதீர்கள்.

பிரிக்கும்போது விளிம்பு வைத்த தாம்பாளத்தில் வைத்துப் பிரியுங்கள், ஒவ்வொரு படியிலும் போனில் படம் எடுங்கள். உள்ளே கடுகளவு சாமான்கள் உண்டு, தரையில் விழுந்தால் நம் வீட்டு ஆத்தங்குடிக் கல் பூவேலைக்குள் தேடிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். ஜெட்டைக் கம்பியால் குத்தவே கூடாது. பித்தளை மெது, துளை அகன்றால் அதன் அளவு போய்விடும். தூண்டில் நரம்பும் பஞ்சர் கடைக் காற்றும் போதும், கண்ணை மட்டும் காப்பாற்றிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, நான் பட்டது. வீட்டுப் பித்தளையெல்லாம் புளி போட்டுத் தேய்த்தால் பளபளக்கிறதே என்று ஒரு தடவை கார்புரேட்டரையும் புளித்தண்ணீரில் இரவெல்லாம் ஊறப்போட்டேன். ஜெட் என்னவோ தங்கமாக வந்தது. ஆனால் மேல்பாகம் துத்தநாகக் கலவை, காலையில் பார்த்தால் அம்மைத் தழும்பு மாதிரி குழிகுழியாக அரித்திருந்தது. அதனால் புளி, எலுமிச்சை, ஆசிட் எதுவும் வேண்டாம், கார்புரேட்டர் கிளீனரும் பழைய பல் துலக்கும் பிரஷும் போதும்.

மிதித்ததும் மூச்சுத் திணறுகிறதே, அதற்கு ஆக்ஸிலேட்டர் பம்ப்பை (மிதித்ததும் கூடுதல் பெட்ரோலைப் பீய்ச்சுவது) பாருங்கள். அதில் இருப்பது தோல் வாஷர். வருடக்கணக்காகக் காய்ந்து சுருங்கியிருக்கும். கிட்டில் வரும் புதுத் தோலையும் அப்படியே மாட்டாமல் ஒரு இரவு தையல் மெஷின் எண்ணெயில் ஊறவைத்து, விளிம்பை விரலால் மெல்ல விரித்துவிட்டு மாட்டுங்கள்.

ஃப்ளோட்டை (கார்புரேட்டருக்குள் பெட்ரோல் மட்டத்தைக் காக்கும் மிதவை) காதருகே வைத்துக் குலுக்குங்கள். உள்ளே சளசளவென்றால் ஓட்டை. வெந்நீரில் முக்கினால் குமிழி வரும் இடம் தெரியும். பற்ற வைக்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள், உள்ளே இருக்கும் பெட்ரோல் சொட்டு விடாமல் போன பிறகுதான் சூடு காட்ட வேண்டும். ஈயத்தை அள்ளி அப்பினால் எடை கூடி அளவே மாறிவிடும். மாட்டும்போது மூடியைக் கவிழ்த்து, பேக்கிங் இல்லாமல் அளந்தால் மூடிக்கும் ஃப்ளோட்டுக்கும் நடுவே 3/8 அங்குலம், அதாவது 9.5 மி.மீ. இருக்க வேண்டும்.

கடைசியாக ஐடில் ஸ்க்ரூ. மென்மையாக மூடி, ஒன்றரைச் சுற்று திறந்து ஸ்டார்ட் செய்யுங்கள். இஞ்சின் நன்றாகச் சூடேறிய பிறகு கால் கால் சுற்றாகத் திருகிச் சரிபார்க்கலாம்.

கேள்வி: இப்போது பங்கில் வரும் இ20 பெட்ரோல் பழைய கார்புரேட்டரைக் கெடுக்குமா? - வாசகி, தேவகோட்டை

பதில்: ஓட்டிக்கொண்டே இருந்தால் பெரிய பயம் இல்லை அக்கா, நிறுத்திப் போட்டால்தான் வம்பு. அதில் இருக்கும் 20 சதவீத எத்தனால் காற்றில் உள்ள ஈரத்தை இழுக்கும், அந்த ஈரம் துத்தநாகத்தை அரிக்கும். பழைய ரப்பர் ஹோஸ்களை எத்தனால் தாங்கும் வகையாக மாற்றிவிடுங்கள். மாசத்துக்கு மேல் வண்டியை எடுக்கப்போவதில்லை என்றால் கார்புரேட்டரில் நிற்கும் பெட்ரோலை வடித்துவிடுங்கள். மைலேஜ் கொஞ்சம் குறையும், அது கார்புரேட்டரின் குற்றம் இல்லை.

கேள்வி: பழைய பெட்ரோல் ஜீப்புக்கு மாருதி 800 கார்புரேட்டர் மாட்டலாமா? சும்மா கிடக்கிறது. - வாசகர், பள்ளத்தூர்

பதில்: அது 796 சி.சி.க்குச் செய்தது, ஜீப் இஞ்சின் 2,200 சி.சி. யானைப் பசிக்குச் சோளப்பொரி. சும்மாவே கிடக்கட்டும்.