மலைவீட்டுச் சோலார்: வாசகர் கேள்விகள்

கேள்வி: 540 வாட் பேனல் மூன்றைச் சீரியலில் (ஒன்றன்பின் ஒன்றாக) கோத்து, 150 வோல்ட் வரை தாங்கும் எம்பிபிடி கன்ட்ரோலர் (பேனல் மின்சாரத்தைப் பேட்டரிக்கு ஏற்றபடி மாற்றும் கருவி) வழியாக 24 வோல்ட் பேட்டரிக்குக் கொடுத்திருந்தேன். பேனலில் விஓசி (எதையும் இணைக்காதபோது வரும் வோல்டேஜ்) 49.5 வோல்ட் என்று போட்டிருக்கிறது. மே மாதம் மாட்டியது, ஜனவரியில் ஒருநாள் காலை கன்ட்ரோலர் போய்விட்டது. மின்னல்கூட இல்லையே, ஏன்?
– வாசகர், ஊட்டி

பதில்: குளிர்தான். பேனல் சூடானால் வோல்டேஜ் இறங்கும், குளிர்ந்தால் ஏறும். ஸ்டிக்கரில் இருக்கும் 49.5 என்பது 25 டிகிரிக்கான அளவு. மூன்றுக்கும் சேர்த்து 148.5 வருவதால் 150-க்குள் அடங்கிவிட்டதுபோலத் தெரிகிறது. டிகிரிக்குச் சுமார் 0.28 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், உறைபனி விழும் 0 டிகிரியில் 7 சதவீதம் ஏறி 159 வோல்ட் ஆகிவிடும். காலை வெயில் பட்டதும், பேனல் சூடேறும் முன்பே இந்த வோல்டேஜ் வந்துவிடுகிறது. மே மாத மதியத்தில் பேனல் 50 டிகிரியில் இருந்திருந்தால் 138 வோல்ட்தான். அதனால்தான் இத்தனை நாள் ஓடியது. சமவெளிக் கணக்கை அப்படியே மலைக்குக் கொண்டுவந்தால் இதுதான் நடக்கும்.

24 வோல்ட் பேட்டரிக்கு மூன்றையும் பேரலலில் (வோல்டேஜ் கூடாமல் கரண்ட் மட்டும் கூடும்படி) போடலாம். அப்போது ஒவ்வொரு பேனலுக்கும் தனி டிசி ஃபியூஸ் கட்டாயம். ஒரு பேனலில் ஷார்ட் ஆனால் மற்ற இரண்டின் கரண்ட்டும் அதற்குள் பாயும். ஃபியூஸ் அளவு பேனலின் பின்பக்கமே எழுதியிருக்கும். கன்ட்ரோலர் 60 ஆம்பியராவது வேண்டும். நான்காவது பேனல் வாங்க முடிந்தால் இரண்டிரண்டாகச் சீரியல் போட்டு, இரண்டு ஜோடியையும் பேரலல் செய்யுங்கள். குளிரிலும் 106 வோல்ட்தான் வரும், ஆனால் கன்ட்ரோலர் இன்னும் பெரியதாக வேண்டும்.

கேள்வி: ஃபிரிட்ஜ், டிவி, ஆறு பல்பு, மிக்ஸி, வைஃபை. எத்தனை பேனல், எத்தனை பேட்டரி?
– வாசகி, கோத்தகிரி

பதில்: 9 வாட் பல்பு ஆறு, ஐந்து மணி நேரம் எரிந்தால் 270 வாட் அவர். டிவி 240, வைஃபை 240, மிக்ஸி 125, ஃபிரிட்ஜ் சுமார் 1000. மொத்தம் நாளுக்கு 1.9 யூனிட் (1000 வாட் அவர் ஒரு யூனிட்). ஃபேன் இல்லாதது மலைக்காரர்களுக்கு லாபம்! கெய்சரை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். இழப்பு 30 சதவீதம் போக, பேனலிலிருந்து 2.7 யூனிட் வரவேண்டும். கோடை வெயிலை வைத்து இதைக் கணக்கிடக்கூடாது. அக்டோபர், நவம்பர் மழையிலும் மூட்டத்திலும் நாளுக்கு 2 மணி நேர முழு வெயில் என்று வைத்தால் 1,350 வாட், அதாவது 540 வாட் பேனல் மூன்று. தெற்கு நோக்கி, 10 முதல் 15 டிகிரி சாய்வு. பக்கத்துச் சில்வர் ஓக் மரத்தின் நிழல் காலை 9 முதல் மாலை 3 வரை படாத இடமாகப் பாருங்கள்.

பேட்டரிக்கு 24 வோல்ட் 100 ஏஹெச் (ஆம்பியர் அவர்) லித்தியம் ஒன்று, அல்லது 12 வோல்ட் 150 ஏஹெச் டியூபுலர் (லெட்-ஆசிட் வகை) இரண்டு. டியூபுலரைப் பாதிக்கு மேல் இறக்கினால் ஆயுள் குறையும். லித்தியத்தை 0 டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்யக்கூடாது, வீட்டுக்குள் வையுங்கள். தொடர்மழைக்காகப் பேட்டரி வாங்கி அடுக்குவது வீண்செலவு. அந்த நாட்களில் ஈபியிலிருந்து சார்ஜ் செய்யுங்கள்.

கேள்வி: மானியத்தில் சோலார் போட்டோம். கரண்ட் போனால் சோலாரும் நின்றுவிடுகிறதே?
– வாசகர், கொடைக்கானல்

பதில்: பழுதில்லை. லைனில் வேலை செய்பவருக்கு ஷாக் அடிக்காமலிருக்க, ஈபி லைனோடு சேர்ந்து ஓடும் ஆன்-கிரிட் இன்வெர்ட்டர் தானே அணைந்துவிடும். மரம் விழுந்து அடிக்கடி கரண்ட் போகும் ஊருக்கு ஈபியோடும் பேட்டரியோடும் ஓடும் ஹைபிரிட் இன்வெர்ட்டரும் பேட்டரியும் வேண்டும்.

கேள்வி: ஐடிஐ வயர்மேன் முடித்திருக்கிறேன். சோலார் மாட்டும் வேலை கற்க எங்கே தொடங்குவது?
– வாசகர், குன்னூர்

பதில்: மத்திய அரசின் சூரியமித்ரா பயிற்சியைப் பற்றி விசாரியுங்கள். கருவியில் முதலில் டிசி அளக்கும் கிளாம்ப் மீட்டர் (சாதாரணமானது ஏசி மட்டும் காட்டும்), பிறகு எம்சி4 (பேனல் வயர்களை இணைக்கும் கனெக்டர்) கிரிம்பிங் டூல். கட்டிங் பிளேயரால் நசுக்கிய கனெக்டர் சில மாதத்தில் சூடாகி உருகும். வெயில் இருக்கும்போது ஐசொலேட்டரை (பேனல் லைனைத் துண்டிக்கும் சுவிட்சை) அணைக்காமல் எம்சி4-ஐப் பிடுங்காதீர்கள். ஏசியில் பொறி உடனே அணையும். டிசியில் அணையாமல் கையைச் சுட்டுவிடும்.