கால்நடை கேள்வி–பதில்: குளிருக்கு வைக்கோல் போதுமா?

கேள்வி: உலர்புல் கையிருப்பு குறைவு. சினையாக இருக்கும் 500 கிலோ கறிமாடுகளை வைக்கோலை வைத்தே குளிர்காலத்தை ஓட்டிவிடலாமா?

பதில்: வைக்கோல் மட்டும் என்றால் முடியாது. அதில் புரதம் 3, 4 சதவீதம்தான். பெருவயிற்றில் நாரைச் செரிக்கும் நுண்ணுயிர்களுக்கு மொத்தத் தீவனத்தில் 7 சதவீதமாவது வேண்டும். குறைந்தால் வைக்கோல் நகராமல் உள்ளேயே அடைத்துக்கொள்ளும். வயிறு புடைத்திருக்கும், மாடோ பட்டினி.

வைக்கோலோடு உலர்புல்லும் கலந்து போட்டால், ஒரு மாட்டுக்கு ஒரு நாள் கணக்கு இதுதான்: 6 கிலோ வைக்கோலில் புரதம் சுமார் 210 கிராம், 4 கிலோ உலர்புல்லில் 360 கிராம். 10 கிலோவுக்கு 570 கிராம் என்றால் 5.7 சதவீதம், போதாது. அரை கிலோ நல்ல பிண்ணாக்கு சேர்த்தால் 7-ஐத் தாண்டும். கூடவே தாது உப்பு. தொட்டித் தண்ணீர் உறைந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தண்ணீர் குறைந்தாலும் அடைப்புதான்.

சாணியைப் பாருங்கள். வறட்டி தட்டியதுபோல் வறண்டு, அடுக்கடுக்காக, நீள நார் தெரிய விழுந்தால் புரதம் பற்றவில்லை. இந்தக் கலவை நடுச்சினைக்கு மட்டுமே. கடைசி இரண்டு மூன்று மாதங்களில் கன்று வயிற்று இடத்தைப் பிடித்துக்கொள்ளும், தேவையோ கூடும். நல்ல உலர்புல்லை அதற்கென்று ஒதுக்கி வையுங்கள். முதல் கன்று ஈனப்போகும் கிடேரிகளை வைக்கோல் பக்கமே விடாதது நல்லது.

கேள்வி: புரதத்தைக் கூட்ட வைக்கோலுக்கு யூரியா தெளிப்பது எப்படி? உலர்புல்லுக்கும் செய்யலாமா?

பதில்: 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியா, 50 லிட்டர் தண்ணீர். முழுக்கக் கரைத்து, அடுக்கடுக்காகத் தெளித்து, மிதித்து, பாலித்தீன் விரிப்பால் காற்றுப் புகாமல் மூடுங்கள். வெயில் நாளில் 3 வாரம் போதும்; குளிரில் இரண்டு மடங்கு ஆகும், ஆகவே முன்கூட்டியே முடித்துவிடுங்கள். எடுத்ததை ஒரு நாள் ஆறவிட்டு, அமோனியா நெடி போனபின் போடுங்கள். ஆறு மாதத்துக்குட்பட்ட கன்றுகளுக்கு வேண்டாம். யூரியாத் தண்ணீரை மாடு குடித்துவிட்டால் பிழைப்பது அரிது. வாளியைக் கொட்டகையில் விட்டுவைக்காதீர்கள்.

நல்ல உலர்புல்லுக்குச் செய்யவே கூடாது. அதிலுள்ள சர்க்கரையும் யூரியாவிலிருந்து வரும் அமோனியாவும் சேர்ந்து நஞ்சாகும். மாடு வெறிபிடித்தாற்போல் ஓடி, வேலியில் மோதும். பால் வழியாகக் கன்றுக்கும் போகும்.

கேள்வி: பூஞ்சை பிடித்த உலர்புல்லைப் படுக்கைக்காவது போடலாமா?

பதில்: வேண்டாம். படுக்கையையும் மாடு மேயும். சினை கலைய வாய்ப்புண்டு. எருக்குழிக்குத் தள்ளுங்கள்.