ஹெர்ப்பிங் (பாம்பு, பல்லி, தவளை தேடிப் பாக்கறது) ஆரம்பிக்கணும், பாம்பு கொக்கி வாங்கலாமா? தோப்புல இருந்தே தொடங்கற வழி

கேள்வி: அண்ணா வணக்கம்ங்க. நான் கோயம்புத்தூர்ல ஐடி கம்பெனில வேலை பாக்கறேன், பொள்ளாச்சி பக்கத்துல மாமனாருக்கு தென்னந்தோப்பு இருக்கு, வாரக்கடைசில அங்கதான் போவோம். யூட்யூப்ல வெளிநாட்டுக்காரங்க கல்லப் பொரட்டி பாம்பு, ஓணான் எல்லாம் தேடி எடுக்கற வீடியோ பாத்து ரொம்ப ஆசை வந்துடுச்சு. பாம்பு புடிக்கற கொக்கி ஆன்லைன்ல பாத்து வச்சிருக்கேன், வாங்கலாமுங்களா? டாப்ஸ்லிப், வால்பாறை பக்கம் ராத்திரி போலாமா? ஃபாரஸ்ட்காரங்க பிரச்சனை பண்ணுவாங்களா? பையனுக்கு ஒன்பது வயசு, அவனையும் கூட்டிட்டுப் போலாமா?

பதில்: தம்பி, கொக்கிய கார்ட்ல இருந்து எடுத்துடுங்க, அதுதான் முதல் வேலை. அந்தக் காசுல தலைல மாட்டற நல்ல ஹெட்லைட் ஒண்ணு, கைல புடிக்கற டார்ச் ஒண்ணு, முழங்கால் வரைக்கும் வர்ற கம்பூட் ஒரு ஜோடி வாங்கிக்கங்க. ஏன்னு சொல்றேன்.

நீங்க பாக்கற வீடியோ பெரும்பாலும் அமெரிக்காவுலயோ ஆஸ்திரேலியாவுலயோ எடுத்தது, அங்கங்க சட்டம் வேற, சில இடத்துல கைல எடுத்துப் பாத்துட்டு விட்டா ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. நம்ம ஊர்ல 1972 வன உயிரின பாதுகாப்புச் சட்டத்துல வேட்டைங்கற வார்த்தைக்கு அர்த்தமே ரொம்ப அகலம், கொல்றது மட்டும் இல்ல, புடிக்கறது, கண்ணி வைக்கறது, விரட்டறது, இரை வச்சு இழுக்கறது, இதுக்கெல்லாம் முயற்சி பண்றது கூட அதுல வரும், ஊர்வனவோட முட்டையக் கலைக்கறதும் வரும். உங்க சொந்த பட்டா நிலத்துல நீங்க நின்னு பாத்தா, போட்டோ எடுத்தா யாரும் கேக்க முடியாது, அதே நிலத்துல ஒரு உடும்ப புடிச்சு பையன் கைல குடுத்து செல்ஃபி எடுத்தா கேஸ். உடும்பு அந்தச் சட்டத்தோட முதல் அட்டவணையில, அதாவது அதிகப் பாதுகாப்பு உள்ள பட்டியல்ல இருக்கு, நிரூபிச்சா குறைஞ்சது 3 வருஷம் ஜெயில், அபராதம் 25,000 ரூபாய்க்குக் குறையாது. வெஷம் இல்லாத பாம்புதானேன்னு புடிச்சாலும் அது புடிச்சதுதான்.

சட்டத்த விடுங்க, கொக்கி கைல இருந்தா உங்களுக்கு ஒரு தைரியம் வந்துடும், பாத்தோமா போனோமான்னு இருக்காம தூக்கிப் பாக்கத் தோணும், அங்கதான் கடி விழுது.

எங்க போறதுன்னு கேட்டீங்க. டாப்ஸ்லிப் ஆனைமலை புலிகள் காப்பகத்துக்குள்ள இருக்கு, அங்க ராத்திரி டார்ச் அடிச்சுட்டு நடக்கற பேச்சே கிடையாது, நியாயமாவும் இருக்கு. வால்பாறைல தனியார் எஸ்டேட்ல மேனேஜ்மென்ட் அனுமதி இருந்தா ஏதோ பண்ணலாம், ஆனா அங்க உங்க பிரச்சனை பாம்பு இல்ல தம்பி, யானை. தேயிலைக் காட்டுக்குள்ள தலையக் குனிஞ்சு இலை இலையா பாத்துட்டு நடக்கறவனுக்கு முன்னாடி யானை நிக்கறது பத்தடி வந்தப்புறம்தான் தெரியும். அந்த ஊர்ல பொறந்து வளர்ந்த ஒருத்தர் கூட இல்லாம வால்பாறைல ராத்திரி எறங்காதீங்க. பகல்ல மலைக்காடு பாக்கணும்னா 2024 அக்டோபர்ல அரசு ஆரம்பிச்ச ட்ரெக் தமிழ்நாடு இருக்கு, ஆன்லைன்ல புக் பண்ணி கைடோட போலாம், நல்ல ஓணானும் அரணையும் கிடைக்கும்.

ஆனா நான் சொல்றது, மாமனார் தோப்பு வச்சிருக்கறவரு எதுக்கு ஒரு வருஷத்துக்கு வேற எடம் தேடணும்? தென்னந்தோப்புன்னா எலி இருக்கும், எலி இருந்தா சாரை இருக்கும், கண்ணாடி விரியன் இருக்கும், தண்ணித் தொட்டி பக்கம் தவளை, தவளைக்கு நீர்க்கோலி, வேலில கொடி ஏறியிருந்தா பச்சைப்பாம்பு, பச்சோந்தி. உங்க வீட்டுச் சொவத்துல இருந்தே ஆரம்பிங்க, மோட்டார் ரூம் லைட்டு கிட்ட இருக்கற பல்லி எல்லாம் ஒரே பல்லின்னு நெனச்சுட்டிருப்பீங்க, போட்டோ எடுத்து பெருசு பண்ணிப் பாருங்க, ஒண்ணு வழவழன்னு வெளிறி இருக்கும், ஒண்ணு முதுகெல்லாம் புள்ளியும் பருவுமா இருக்கும், புளியமரத்து அடில போய்ப் பாத்தா பட்டையோட பட்டையா ஒட்டிக்கிட்டு இன்னொரு பெரிய வகை, சாம்பல் கலர்ல, டார்ச் நேரா மேல விழுந்தாக்கூட கண்ணுக்குத் தப்பும். இந்த மூணையும் பிரிச்சுச் சொல்ல வந்துடுச்சுன்னா உங்க கண்ணு பழக ஆரம்பிச்சுடுச்சுன்னு அர்த்தம். பக்கத்துல பாறை இருந்தா (பொள்ளாச்சி சுத்தி இல்லாமயா) காலைல ஒன்பது பத்து மணிக்கு அங்க போங்க, பாறை ஓணான் ஆண் சீசன்ல முதுகு செவப்பும் பக்கவாட்டுல கருப்புமா நிக்கும், இன்னொரு ஆண் வந்தா கண்ணு முன்னாடியே கலர் மாறும். இதுக்கு எட்டு மடங்கு பைனாகுலர் ஒண்ணு இருந்தா போதும், கிட்டவே போக வேண்டாம்.

நேரம், சீசன் பத்தி: கோடை மழை முதல் மழை பேஞ்சு ஈசல் கெளம்பற ராத்திரி விடவே விடாதீங்க. ஈசலுக்கு பல்லியும் தவளையும் வரும், அதுக்கு பின்னாடி பாம்பு வரும். அப்புறம் ஐப்பசி மழைல ஒரு நல்ல காலம் இருக்கு. நடுவுல ஆனி ஆடில பாலக்காட்டு கணவாய் காத்து உங்க பக்கம் என்ன அடி அடிக்கும்னு உங்களுக்கே தெரியும், அந்த ராத்திரிகள்ல எல்லா எலையும் ஆடிட்டிருக்கும், எதையும் கண்டுபுடிக்க முடியாது, நான்னா வீட்ல தூங்குவேன். சாயங்காலம் ஏழரைல இருந்து பத்து வரைக்கும் நடந்தா தாராளம்.

எப்படி பாக்கறதுங்கறதுதான் இதுல முழு விஷயமே. ஹெட்லைட் கண்ணு மட்டத்துல இருக்கணும், அப்பதான் பளபளப்பு திரும்பி உங்க கண்ணுக்கு வரும். முதல் ராத்திரி தரையெல்லாம் வைரம் மாதிரி மின்னறதப் பாத்து ஏமாந்துடுவீங்க, அதெல்லாம் சிலந்தி கண்ணு. பாம்பு கண்ணு அப்படி மின்னாது, அதனால கண்ணத் தேடாதீங்க, உருவத்தத் தேடுங்க. வேலிலயும் புதர்லயும் கெளை நுனியப் பாருங்க, பச்சோந்தி ராத்திரி நுனிக் கெளைல தூங்கும், டார்ச்ல வெளிறிப்போன பச்சையாத் தெரியும், பகல்ல பத்து தடவ நடந்தும் பாக்காதத ராத்திரி பத்து நிமிஷத்துல பாப்பீங்க. பச்சைப்பாம்பும் அப்படித்தான், எலை மேல சுருண்டு தூங்கும். அதுக்கு கண்ணக் கொத்தும்னு பேரு வச்சிருக்காங்க, கொம்பேறி மூக்கன் கடிச்சுட்டு மரத்துல ஏறி சுடுகாட்டுப் பொகையப் பாக்கும்பாங்க, கொம்பேறிக்கு வெஷமே இல்ல, பச்சைப்பாம்புக்கு இருக்கற லேசான வெஷம் மனுசன ஒண்ணும் பண்ணாது, ஆனாலும் தொட வேண்டாம். இன்னொரு முக்கியமான பழக்கம், நடக்கும்போது காலடிய மட்டும் பாருங்க, மேல பாக்கணும்னா நின்னுட்டுப் பாருங்க. ரெண்டையும் ஒண்ணா செய்யறவங்கதான் விரியன மிதிக்கறது.

கல்லு பொரட்டறது பத்தி எனக்கு அவ்வளவா இஷ்டம் இல்ல. அடில இருக்கற ஈரம், முட்டை, பூச்சி எல்லாம் ஒரு தடவ தொறந்தா கெட்டுப்போகும், நம்ம ஊர்ல கட்டுவிரியனும் சுருட்டையும் தேளும் அங்கதான் இருக்கும். மட்டைக் குவியல்ல கைய விடறது அதைவிட மோசம், காஞ்ச தென்னை மட்டையும் கண்ணாடி விரியனும் ஒரே கலர், அது ஓடிப்போற பாம்பும் இல்ல, அதே எடத்துல படுத்துக்கிட்டு பெருமூச்சு விடற மாதிரி சத்தமா சீறும், அந்த சத்தம் கேட்டா எங்க இருக்குன்னு தெரியற வரைக்கும் கால எடுத்து வைக்காதீங்க.

ஒரு வேலை கட்டாயம் செய்யுங்க, தோப்புல ராத்திரி எறங்கறதுக்கு முன்னாடி சென்னை போனா கிண்டி பாம்புப் பண்ணைக்கோ, மகாபலிபுரம் ரோட்டுல முதலைப் பண்ணைக்கோ ஒரு நாள் ஒதுக்கி, நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நாலையும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வச்சு நல்லா பாத்துக்கங்க. முதலைப் பண்ணைக்குள்ள இருக்கற இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவு சங்கம் 1978ல ஆரம்பிச்சது, மருந்துக்கு வெஷம் எடுக்கறது அவங்கதான். அந்த சங்கத்து வடிவேல் கோபாலும் மாசி சடையனும் 2023ல பத்மஸ்ரீ வாங்கினாங்க, ஃப்ளோரிடாவுக்கே போய் மலைப்பாம்பு தேடிக் குடுத்தவங்க. அவங்க தேடறதப் பாத்தா தெரியும், பாம்ப விட தடத்ததான் அதிகம் பாப்பாங்க, மண்ணுல கோடு, எச்சம், உரிச்ச சட்டை. சட்டைய வச்சே நீங்களும் பழகலாம். கட்டுவிரியனுக்கு முதுகு நடுவுல ஒரு வரிசை செதில் மட்டும் பெருசா அறுகோணமா இருக்கும், அதே மாதிரி கட்டு போட்ட, வெஷம் இல்லாத வெள்ளிக்கோல் வரையனுக்கு அது இருக்காது. உயிரோட பாக்கறப்போ வரையனுக்கு பட்டை கழுத்துல இருந்தே அகலமா ஆரம்பிச்சு வாலுக்குப் போகப் போக மங்கும், கட்டுவிரியனுக்கு தலைய விட்டுத் தள்ளிதான் ஆரம்பிக்கும், பெரும்பாலும் ரெண்டு ரெண்டு கோடா வரும். இந்த வித்தியாசம் தெரிஞ்சுக்கறது ரெண்டையும் தொடாம இருக்கறதுக்குதான், வரையன்னு உறுதியா தெரிஞ்சா தூக்கலாம்னு இல்ல.

இப்ப நீங்க கேக்காத ஒண்ணு. தோப்புல வேலை செய்யறவங்க இருப்பாங்க, நீங்க ராத்திரி பாம்பப் பாத்துட்டு காலைல சந்தோஷமா "அந்த தொட்டிகிட்ட ஒரு பெரிய நல்லபாம்பு"ன்னு சொன்னா மத்தியானம் அது உயிரோட இருக்காது. அவங்க மேல கோவப்பட்டு பிரயோஜனம் இல்ல, செருப்பு கூட இல்லாம அதே எடத்துல புல் அறுக்கறவங்களுக்கு பாம்புன்னா பயம் இருக்கத்தான் செய்யும், இந்தியாவுல வருஷத்துக்கு சுமார் 58,000 பேர் பாம்புக்கடில சாகறாங்கன்னு 2020ல வந்த ஆய்வு சொல்லுது, அதுல பெரும்பாலும் இந்த மாதிரி கிராமத்து ஜனங்கதான். அதனால வாய மூடிக்கங்கன்னும் சொல்ல முடியாது, ஆள் கை வைக்கற எடத்துல விரியன் இருந்தா சொல்லியே ஆகணும். நான் சொல்றது, முதல்ல அவங்களுக்கு கம்பூட்டும் டார்ச்சும் வாங்கிக் குடுங்க, மட்டைக் குவியல வீட்டுப் பக்கத்துல இருந்து தள்ளி வைங்க, சாரைய அடிக்காதீங்க எலி அதுதான் தின்னுதுன்னு மாமனார விட்டு சொல்ல வைங்க, அவர் சொன்னா கேப்பாங்க. வீட்டுக்குள்ள வந்துட்டா வனத்துறைக்கு போன் பண்ணச் சொல்லுங்க. நீங்களே ஹீரோவா எறங்காதீங்க.

அதே மாதிரி ஆன்லைன்ல எடம் போடாதீங்க. உயிரினங்களோட போட்டோ போட்டு அடையாளம் கேக்கற ஐநேச்சுரலிஸ்ட் தளத்துல போட்டா எடத்த மறைக்கற ஆப்ஷன் இருக்கு, சுமார் 20 கிலோமீட்டர் கட்டத்துக்குள்ள எங்கயோன்னு மட்டும் காட்டும், அதப் போட்டுடுங்க. முக்கியமா மண்ணுளிப் பாம்பும் நட்சத்திர ஆமையும். மண்ணுளியத்தான் இருதலை மணியன்னும் சொல்வாங்க, அது இத்தனை கிலோ இருந்தா கோடி ரூபாய்னு சுத்தற கூட்டம் இன்னும் இருக்கு, உங்க வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் பாத்தே தோப்புக்கு வந்துடுவாங்க.

கடி விழுந்தா என்னங்கறத போறதுக்கு முன்னாடியே முடிவு பண்ணி வைங்க. பக்கத்துல எந்த ஆஸ்பத்திரில வெஷமுறிவு மருந்து ஸ்டாக் இருக்குன்னு நேர்ல கேட்டு வைங்க, பொள்ளாச்சி அரசு ஆஸ்பத்திரி எத்தன நிமிஷம்னு தெரிஞ்சிருக்கணும். கட்டக் கூடாது, கீறக் கூடாது, உறிஞ்சக் கூடாது, மோதிரம் கொலுசு கழட்டிட்டு, கடிபட்ட எடத்த ஆட்டாம 108லயோ கைல இருக்கற வண்டிலயோ நேரா ஆஸ்பத்திரிக்குப் போங்க. பாம்ப அடிச்சு எடுத்துட்டுப் போகவேண்டாம், டாக்டர் அறிகுறிய வச்சுதான் வைத்தியம் பண்ணுவாரு. கட்டுவிரியன் கடில வலியே இல்லாம இருக்கலாம், வலிக்கலன்னு உக்காந்துடாதீங்க. மலைல இன்னொரு சங்கதி, நம்ம மருந்து அந்த நாலு பாம்புக்குதான் செஞ்சது, அங்க இருக்கற குழிவிரியன்ங்கற வேற விரியன் வகைகளுக்கு அது இல்ல, வால்பாறை ஆசைய தள்ளிப் போடச் சொன்னதுக்கு அதுவும் ஒரு காரணம்.

போட்டோன்னா ஒருத்தர் டார்ச்ச பக்கவாட்டுல புடிக்க போன்ல எடுத்தாலே நல்லா வரும், ரெண்டு மூணு நிமிஷம், அப்புறம் நகர்ந்துடுங்க. எலைய ஒதுக்கறது, கெளைய வளைக்கறது, தூங்கற பச்சோந்திய எழுப்பறது எல்லாம் வேண்டாம். பாம்புக்கும் உங்களுக்கும் ஆறேழு அடி எப்பவும் இருக்கட்டும்.

பையன் விஷயம். சொவத்துப் பல்லிக்கும் காலைல பாறை ஓணானுக்கும் தாராளமா கூட்டிட்டுப் போங்க, அவன் கண்ணு உங்கள விட வேகமா புடிக்கும், நோட்டுல தேதி, நேரம், மழை பேஞ்சுதான்னு எழுத வைங்க. ராத்திரி நடைக்கு, நீங்க ஒரு முழு மழைக்காலம் தனியா இல்லாம இன்னொரு பெரியவரோட நடந்து தோப்பு முழுக்க தெரிஞ்சதுக்கு அப்புறம் கூட்டிட்டுப் போலாம், அவன் கால் சைசுக்கு கம்பூட் கிடைக்கும், விவசாயப் பொருள் விக்கற கடைல கேளுங்க, பெரிய சைசு வாங்கி துணி அடைச்சுப் போட்டு விடாதீங்க, தடுக்கி விழுவான்.