தாய்ப்பால் போதுகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

மகன் பிறந்து மூன்று வாரம், சாயங்காலமானால் விடாமல் அழுகிறான், பால் பத்தவில்லை என்று பவுடர் பால் கொடுக்கச் சொல்கிறார்கள், எனக்கும் அழுகையாக வருகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். என் மகள் பிறந்தபோது பார்க்க வந்தவர்கள் அவள் பெயரைக்கூடக் கேட்கவில்லை, "பால் ஊறுதா?" என்றுதான் கேட்டார்கள்.

அழுகையை விடுங்கள், மூத்திரத்தையும் எடையையும் பாருங்கள். ஒரு நாளில் ஆறு தடவையாவது, மஞ்சள் அடிக்காமல் மூத்திரம் போனால் பெரும்பாலும் பால் போதுகிறது என்றுதான் அர்த்தம். டயப்பரில் இந்தக் கணக்கு பிடிபடாது. பகலிலாவது துணி கட்டுங்கள். (துவைக்கிற வேலையை பவுடர் பால் வாங்கச் சொன்னவர்களிடம் விடலாம்.) பிறந்ததும் எடை 10 சதவீதம் வரை குறைவது சகஜம். இரண்டு வாரத்துக்குள் பழைய எடைக்கு வந்து, அப்புறம் நாளுக்கு 20 முதல் 30 கிராம் ஏறினால் நல்லது. ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே எடை பார்ப்பார்கள்.

சாயங்கால அழுகை இந்த வயதில் கூடும், ஆறாவது வாரத்தில் உச்சத்துக்குப் போகும், மூன்று நான்கு மாதத்தில் அடங்கிவிடும். அந்த நேரத்தில் பால் கேட்டுக்கொண்டே இருப்பான், கொடுங்கள். குழந்தை குடிக்கக் குடிக்கத்தான் பால் ஊறும். பவுடர் பால் குடித்துத் தூங்கினால் மார்பில் பால் தேங்கும், தேங்கினால் ஊறுவது குறையும். பிறகு நிஜமாகவே பத்தாமல் போகும். எடை ஏறாமல் டாக்டரே சொன்னால் பவுடர் பால் கொடுப்பதில் ஒரு குற்றமும் இல்லை.

சுறாப் புட்டும் பூண்டும் தந்தால் சாப்பிடுங்கள், ருசியாகத்தான் இருக்கும். ஆனால் பச்சை உடம்பு என்று தண்ணீரைக் குறைக்கச் சொன்னால் கேட்காதீர்கள். தாகத்துக்குக் குடிக்கத்தான் வேண்டும். குழந்தைக்குச் சர்க்கரைத் தண்ணீர், கிரைப் வாட்டர் எதுவும் வேண்டாம். டாக்டர் எழுதித் தந்த சொட்டு மருந்து தவிர ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் போதும்.

பால் குடிக்க எழாமல் துவண்டு கிடந்தாலோ, மூத்திரம் குறைந்தாலோ, உடம்பு 100.4 டிகிரிக்கு மேல் சுட்டாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

உங்கள் அழுகைக்கு வருகிறேன். முதல் இரண்டு வாரம் காரணமே இல்லாமல் அழுகை வருவது நிறையப் பேருக்கு உண்டு. உங்களுக்கு மூன்று வாரம் ஆகிவிட்டது. குழந்தை தூங்கும்போதும் உங்களுக்குத் தூக்கம் வரவில்லை, எதிலும் பிடிப்பில்லை என்றால் வீட்டில் அனுமதி கேட்டுக்கொண்டிருக்காமல் பிரசவம் பார்த்த டாக்டரிடம் சொல்லுங்கள். இதற்கு சிகிச்சை உண்டு, பால் கொடுத்துக்கொண்டே எடுக்கக்கூடிய மருந்துகளும் இருக்கின்றன.