‘தரவின் பரவலை விவரி’ என்றால் சராசரியும் இடைநிலையும் எழுதினால் போதாதா?

கேள்வி: சராசரி, இடைநிலை, திட்ட விலக்கம் மூன்றையும் சரியாகத்தான் கணக்கிடுகிறேன். ஆனாலும் ‘பரவலை விவரி’ என்ற வினாவுக்குப் பாதி மதிப்பெண்தான் வருகிறது. என்ன விடுபடுகிறது?

பதில்: பரவலின் வடிவம் விடுபடுகிறது, அதாவது முகடு எத்தனை, வால் எந்தப் பக்கம் நீள்கிறது என்பது. அதைத்தான் முதலில் எழுத வேண்டும். சராசரி போன்ற எண்களில் எதை நம்பலாம், எதை நம்பக்கூடாது என்பது வடிவம் தெரிந்த பிறகுதான் புரியும்.

‘ஆர்’ (R) என்ற புள்ளியியல் மென்பொருளோடு சேர்ந்தே வரும் ‘ஃபெய்த்ஃபுல்’ தரவைப் பாருங்கள். அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் பூங்காவில் ஓல்டு ஃபெய்த்ஃபுல் என்றொரு வெந்நீர் ஊற்று இருக்கிறது. அது ஒருமுறை பீறிட்ட பிறகு அடுத்த முறைக்கு எத்தனை நிமிடம் காத்திருக்க வேண்டியிருந்தது என்பதற்கு 272 பதிவுகள். சராசரி 70.9, இடைநிலை (வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கும் மதிப்பு) 76. இடைநிலையைவிடச் சராசரி குறைவாக இருப்பதால் ‘இடப்பக்கம் வால் நீண்ட பரவல்’ என்று எழுதத் தோன்றும். பலர் அப்படித்தான் எழுதுகிறார்கள். தவறு.

5 நிமிடப் பிரிவுகளாக ஹிஸ்டோகிராம் (ஒவ்வொரு பிரிவிலும் எத்தனை பதிவு என்று காட்டும் பட்டை வரைபடம்) போட்டால் குட்டு வெளிப்படும். 50-க்கு மேல் 55 வரை 33 பதிவுகள். பிறகு இறங்கிக்கொண்டே வந்து 65-க்கு மேல் 70 வரை வெறும் 10. மறுபடி ஏறி 75–80-இல் 54, 80–85-இல் 55. இரண்டு முகடு, நடுவில் பள்ளம். சராசரி 70.9 அந்தப் பள்ளத்தின் விளிம்பில் போய் நிற்கிறது. ‘சுமார் 71 நிமிடம் காத்திருக்க வேண்டும்’ என்றால் பெரும்பாலான தடவை பொய்த்துப்போகும். ஊற்று 2 நிமிடம்போல் குறைவாகப் பீறிட்டால் அடுத்தது சீக்கிரம் வரும். 4 நிமிடத்துக்கு மேல் பீறிட்டால் தாமதமாகும். இரு வகை நிகழ்வுகள் ஒரே பட்டியலில் கலந்திருக்கின்றன, அவ்வளவுதான்.

இப்போது அதே தரவை 20 நிமிடப் பிரிவுகளாகப் போடுங்கள்: 40–60-இல் 83, 60–80-இல் 105, 80–100-இல் 84. அழகான, சமச்சீரான ஒற்றைக் குன்று! பள்ளம் இருந்த சுவடே இல்லை. அதனால் பிரிவு இடைவெளியை இரண்டு மூன்று விதமாக மாற்றிப் பார்க்காமல் வடிவத்தைப் பற்றி வாய் திறக்காதீர்கள். தரவின் நடுப்பாதியைப் பெட்டியாகவும் இடைநிலையைக் கோடாகவும் காட்டும் பாக்ஸ் பிளாட்டும் இங்கே உதவாது. 58-இல் தொடங்கி 82-இல் முடியும் பெட்டி, 76-இல் ஒரு கோடு. முகடு ஒன்றா இரண்டா என்று காட்ட அதில் இடமே கிடையாது.

உண்மையிலேயே வால் நீண்ட தரவு வேண்டுமானால் அதே மென்பொருளில் ‘ரிவர்ஸ்’ இருக்கிறது: வட அமெரிக்காவின் 141 ஆறுகளின் நீளம், மைலில். இடைநிலை 425, சராசரி 591, உச்சம் 3710. வால் வலப்பக்கம். கோட்டத்தின், அதாவது பரவல் ஒருபக்கமாகச் சாய்வதன், திசையை வால் நீளும் பக்கத்தை வைத்துச் சொல்ல வேண்டும், குவியல் இருக்கும் பக்கத்தை வைத்து அல்ல. இதில் தடுமாறாதவர்கள் குறைவு. இந்தத் தரவுக்கு மையம் இடைநிலை; பரவலின் அகலத்துக்குக் கால்மான இடைவெளி, அதாவது நடுப்பாதி மதிப்புகளின் மேல் முனையிலிருந்து (மேல் கால்மானம்) கீழ் முனையைக் (கீழ் கால்மானம்) கழித்தது: 680 − 310 = 370. மதிப்புகள் சராசரியிலிருந்து எவ்வளவு விலகுகின்றன என்று அளக்கும் திட்ட விலக்கத்தை நீளமான சில ஆறுகளே ஊதிவிடும்.

விலகிய மதிப்புகளுக்கான வழக்கமான எல்லை, மேல் கால்மானத்தோடு கால்மான இடைவெளியின் ஒன்றரை மடங்கைக் கூட்டியது: 680 + 1.5 × 370 = 1235. அதைத் தாண்டியவை பல. உடனே அவற்றை நீக்கிவிடக்கூடாது. அளவிடும்போது நேர்ந்த பிழை அல்ல, நீளமான ஆறுகள். கீழ் எல்லை 310 − 1.5 × 370 = −245 என்று வருவதால் அந்தப் பக்கம் எதுவும் சிக்காது.

ஊற்றுத் தரவுக்கு நான் முழு மதிப்பெண் போடும் விடை இப்படி இருக்கும்: ‘272 காத்திருப்பு நேரங்களும் 43 முதல் 96 நிமிடத்துக்குள் உள்ளன. பரவலுக்கு இரண்டு முகடுகள்: சிறியது 50–55 நிமிடத்தில், பெரியது 75–85 நிமிடத்தில், 65–70-இல் பள்ளம். எனவே ஒரே மைய அளவு பொருந்தாது. கால்மான இடைவெளி 24 நிமிடம். 22-க்குக் கீழோ 118-க்கு மேலோ எதுவும் இல்லாததால் விலகிய மதிப்புகள் இல்லை.’ ‘நிமிடம்’ என்ற அலகை விட்டால் அதற்கும் அரை மதிப்பெண் போகும்.