வீட்டை விற்காமல் கப்பல் ஏறுங்கள், டீச்சர்

கேள்வி: வயது 69. அம்பாசமுத்திரத்தில் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். கணவர் காலமாகிவிட்டார். சர்க்கரையும் மூட்டுவலியும் உண்டு. ஆனாலும் என் வேலையை நானே பார்த்துக்கொள்கிறேன். அமெரிக்காவில் இருக்கும் மகன், என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் கோயம்புத்தூரில் ஒரு முதியோர் இல்லத்துக்கு முன்பணம் கட்டிவிட்டான். அங்கே ராத்திரி ஏழு மணிக்குச் சாப்பாடு, ஒன்பது மணிக்கு விளக்கணைக்க வேண்டுமாம். அதற்குப் பதில், வெளிநாட்டில் சிலர் செய்வதுபோல வீட்டை விற்றுவிட்டு சொகுசுக் கப்பலிலேயே இருந்துவிடலாமா? செலவு ஒன்றுதான் என்கிறார்களே?

பதில்: அன்புள்ள டீச்சர், ‘செலவு ஒன்றுதான்’ என்ற பேச்சு அமெரிக்கக் கணக்கிலிருந்து வந்தது. 2004-ல் லிண்ட்குவிஸ்ட், கோலப் என்ற இரண்டு மருத்துவர்கள் அங்குள்ள முதியோர் மருத்துவ இதழில் எழுதினார்கள்: 20 வருஷம் கப்பலில் இருந்தாலும் சரி, உதவிக்கு ஆள் உள்ள இல்லத்தில் இருந்தாலும் சரி, ஏறக்குறைய 2.3 லட்சம் டாலர். ஆனால் அது அமெரிக்க இல்லத்தின் கட்டணம். நம் ஊரில் அதில் ஒரு சிறு பங்குதான் ஆகும். கப்பல்காரர்கள் நமக்கென்று விலையைக் குறைக்கப் போவதில்லை. அறைக்கு இரண்டு பேர் என்று வைத்தே விலை போடுவார்கள். தனியாகப் போகிறவர் பெரும்பாலும் இரண்டு பேர் காசைக் கட்ட வேண்டியிருக்கும். டிப்ஸ், டாக்டர் கட்டணம் எல்லாம் தனி.

காசைக்கூட விடுங்கள். எனக்குப் பயம் உங்கள் முழங்காலை நினைத்துத்தான். பல கப்பல்களில் குளியலறை வாசலில் நாலு விரல் உயரத்துக்கு ஒரு தடுப்பு இருக்கும். கப்பல் ஆடும்போது, பாதித் தூக்கத்தில் அதைத் தாண்டிப் போக வேண்டும். கப்பலில் டாக்டரும் நர்ஸும் உண்டு, அவசரத்துக்கு. குளிப்பாட்டிவிட, மாதக்கணக்கில் பார்த்துக்கொள்ள ஆள் கிடையாது. பெரிதாக ஏதாவது வந்தால் அடுத்த துறைமுகத்தில் இறக்கிவிடுவார்கள். மொழி தெரியாத ஊரில் ஆஸ்பத்திரி. இங்கே எடுத்த சாதாரண மருத்துவக் காப்பீடு அங்கே செல்லாது. விசா வேறு: ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளில் எந்த 180 நாளிலும் 90 நாளுக்கு மேல் தங்க முடியாது.

வீட்டை மட்டும் விற்றுவிடாதீர்கள். 2023-ல் மூன்று வருஷ உலகப் பயணம் என்று டிக்கெட் விற்றவர்கள், புறப்படும் நேரத்தில் கப்பலே கைக்கு வரவில்லை என்று பயணத்தை ரத்து செய்தார்கள். அதை நம்பி வீட்டை விற்றவர்கள் இருந்தார்கள்.

ஆனால் ஆசையை ஏன் விட வேண்டும்? மூட்டு ஒத்துழைக்கும்போதே போய்வாருங்கள். திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கு நேரடி விமானம் இருக்கிறது. அங்கிருந்து மூன்று, நான்கு இரவுக் கப்பல் பயணங்கள் நிறைய. தோழி ஒருத்தியைச் சேர்த்துக்கொண்டால் அறைச் செலவும் பாதியாகும். பயணக் காப்பீடு எடுக்கும்போது சர்க்கரையை மறைக்காமல் சொல்லுங்கள்.

உங்கள் கடிதத்தில் கடலைவிட அந்த ஒன்பது மணி விளக்குதான் அதிகம் உறுத்துகிறது. உங்கள் கோபம் நியாயமானது. பிள்ளை அக்கறையில்தான் செய்திருப்பான், ஆனாலும் கேட்டிருக்க வேண்டும். இந்த ஞாயிற்றுக்கிழமை போன் செய்யும்போது நேராகவே சொல்லுங்கள்: “முன்பணத்தைத் திருப்பி வாங்கு, இடத்தை நான் பார்த்துச் சொல்கிறேன்.” பாளையங்கோட்டைப் பக்கமே விசாரியுங்கள், மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரி கிட்டத்திலேயே இருக்கிறது. பணம் கட்டும் முன் இரண்டு நாள் தங்கிப் பாருங்கள். இரவில் நர்ஸ் உண்டா, படுக்கையில் விழுந்தால் வைத்துக்கொள்வார்களா, அறையில் நீங்களே காபி போட்டுக்கொள்ளலாமா என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள். அதுவரை அம்பாசமுத்திரம் வீட்டிலேயே இருங்கள். குளியலறையில் மட்டும் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி பொருத்திவிடுங்கள்.