ஒரு சைக்கிள் பயிற்சியாளரின் வாழ்க்கை எப்படி இருக்கும்?

கல்லூரியில் படிக்கும்போது மாவட்ட அளவில் சைக்கிள் ரேஸ் ஓட்டியவன் நான். எங்கள் கோச் பின்னாலேயே டிவிஎஸ் 50-இல் வருவார், கழுத்தில் ஸ்டாப் வாட்ச் தொங்கும். நான் கப் வாங்கிய நாளின் போட்டோவில் அவர் இல்லை, கேமரா அவர் கையில் இருந்தது. இந்தக் கேள்வியைப் பார்த்ததும் முதலில் அவர் நினைவு வந்தது. ஆனால் இந்தத் தொழிலின் மேடு பள்ளம் முழுவதையும் பார்த்தவர் என்றால் எனக்கு எடி போரிசெவிச்தான்.

1939-இல் பிறந்த போலந்துக்காரர். நல்ல ரேசர். இல்லாத காசநோய்க்கு டாக்டர்கள் மருந்து கொடுத்து ஈரலைக் கெடுத்துவிட்டார்கள். அப்புறம் உடற்கல்வி படித்துப் பயிற்சியாளரானார். 1976 மான்ட்ரியால் ஒலிம்பிக்கை ஒட்டி அந்தப் பக்கம் வந்தவர் அமெரிக்காவிலேயே தங்கிவிட்டார். ஆங்கிலம் தெரியாது. நியூ ஜெர்சியில் ஒரு சைக்கிள் கடைக்குப் போனபோது, சைக்கிள் சங்கத்தில் இருந்த கடைக்காரரும் இவரும் பிரெஞ்சில்தான் பேசிக்கொண்டார்களாம். கொஞ்ச நாளில் அமெரிக்கத் தேசிய அணிக்கே கோச். பெயர் வாயில் நுழையாததால் எல்லோருக்கும் 'எடி பி'.

அன்றைய அமெரிக்காவில் சைக்கிள் ரேஸ் என்றால் பொழுதுபோக்கு. 1912-க்குப் பிறகு ஒலிம்பிக்கில் ஒரு சைக்கிள் பதக்கம்கூடக் கிடையாது. இவர் போலந்து முறையைக் கொண்டுவந்தார்: வருடம் முழுக்கத் திட்டமிட்ட பயிற்சி, உடல் எடையில் கறார், ஆளுக்கேற்ற சீட் உயரம். அவரிடம் வளர்ந்த கிரெக் லெமாண்ட் 1979-இல் ஜூனியர் உலக சாம்பியன், பின்னாளில் பிரான்சின் புகழ்பெற்ற சைக்கிள் பந்தயமான டூர் டி பிரான்ஸை மூன்று முறை வென்றவர். 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் அமெரிக்க சைக்கிள் அணிக்கு நான்கு தங்கம் உட்பட 9 பதக்கங்கள். சைக்கிளில் வலுவான சோவியத் யூனியனும் கிழக்கு ஜெர்மனியும் புறக்கணித்த ஒலிம்பிக் என்பதையும் சேர்த்துத்தான் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும்.

சரி, இப்போது பள்ளம். அந்த ஒலிம்பிக்குக்கு முன் ஒரு ஹோட்டல் அறையில் ஏழு வீரர்களுக்கு ரத்தம் ஏற்றப்பட்டது. ரத்தத்தில் சிவப்பணு கூடினால் தசைக்கு ஆக்சிஜன் கூடும், அவ்வளவுதான் சூட்சுமம். தங்கள் ரத்தத்தையே முன்கூட்டி எடுத்துச் சேமிக்க நேரமில்லாததால், உறவினர்களின் ரத்தத்தையும் அதே வகை ரத்தம் கொண்ட மற்றவர்களின் ரத்தத்தையும் ஏற்றினார்கள். சிலருக்கு உடம்புக்கு முடியாமல் போனது. அன்று அதைத் தடுக்கும் விதி இல்லை. 1985 தொடக்கத்தில் விஷயம் வெளியே வந்தது, எடிக்கு 30 நாள் சம்பளமில்லாத இடைநீக்கம். விதி இல்லை என்ற சமாதானத்தை நான் ஏற்கமாட்டேன். இருபது வயதுப் பையன் கோச் சொன்னால் கையை நீட்டிவிடுவான். எங்கள் கோச் சொல்லியிருந்தால் நானும் நீட்டியிருப்பேன்.

அப்புறம் தனியார் அணி ஒன்றை நடத்தினார். பின்னாளில் ஊக்கமருந்து விவகாரத்தில் டூர் டி பிரான்ஸ் பட்டங்களை இழந்த லான்ஸ் ஆம்ஸ்ட்ராங், இளைஞராக அதில் ஓட்டினார். எடி 2020 நவம்பரில் போலந்தில் கொரோனா தொற்றில் இறந்தார். அஞ்சலிக் குறிப்புகளில் அந்த 9 பதக்கங்களும் இருந்தன, ஹோட்டல் அறையும் இருந்தது.